ஏழரை பஸ்ஸின் சொந்தக்காரர்

பஸ் நிலையத்து நேரப் பலகையைப் பார்த்துவிட்டு, மைனா தெருத்தெருவாகப் போய், "ஏழரை பஸ் கிளம்பப் போகுது!" என்று கத்தும். அதைக் கேட்டுத்தான் ஊரே வீட்டைவிட்டுக் கிளம்பும்.

ஒருநாள் பலகை சீறியது. "அது என்னோட நேரம். என்னைக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம்?"

மைனா வாயை மூடிக்கொண்டது. மூன்று நாள் பஸ் காலியாகவே போனது.

நான்காம் நாள் காலை, பலகையிடம் பஸ் சொன்னது: "இப்படியே போனா ஏழரை டிரிப்பையே எடுத்துடுவாங்க. உன்மேல பெயின்ட் அடிச்சு அழிச்சிடுவாங்க."

பலகை பதறியது. "மைனா, சீக்கிரம் போய்ச் சொல்லு! என் பேரையும் சேர்த்துச் சொல்லு!"

ஏழரைக்குப் படிக்கட்டுவரை கூட்டம். பலகைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க."