ஞாயிற்றுக்கிழமை அதிராத மலை

"இன்னிக்கு இருபத்தொண்ணு மேடம். நேத்து பதினெட்டு. கூடிக்கிட்டேதான் போகுது."

மெக்கானிக் அதிர்வுமானியின் வரைபடத்தை மேஜைமேல் விரித்துவிட்டு, தப்பு தன்னுடையது போலக் கைகட்டி நின்றார். போன மாதம்தான் இந்த ஆய்வு நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர்.

நிலநடுக்க ஆய்வாளரான அவள் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு துடிப்பாக எண்ணினாள். இருபத்தொன்று. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். அதே இருபத்தொன்று. ஒன்று பெரிது, அடுத்தது சிறிது, மறுபடி பெரிது.

அணு உலைக் கழிவை இந்த மலையைக் குடைந்து உள்ளே புதைக்கலாமா என்று ஏழு வருடமாக ஆராய்கிறார்கள். மலையைச் சுற்றி எட்டு அதிர்வுமானிகள். இத்தனை வருடமும் மலை பரம சாதுவாக இருந்தது. நாளை மாலைக்குள் 'பாதுகாப்பான பாறை' என்று அவள் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் மூன்று வாரமாக எட்டாம் நம்பர் கருவி மட்டும் தினமும் காலை பதினொரு மணிக்குத் துடிக்கிறது. முதல் நாள் இரண்டே துடிப்பு. இப்போது இருபத்தொன்று.

"இத்துனூண்டு அதிர்வுதானே, விட்டுடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க மேடம்."

"லட்சம் வருஷம் விஷமா இருக்கப்போறதை உள்ள வைக்கப்போறோம். அடியில விரிசல் வளருதான்னு தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடுறது? காரணம் கிடைக்கலைன்னா இந்த மலை வேண்டாம்னுதான் எழுதணும்."

"ஏழு வருஷ உழைப்பு போயிடுமே!"

"போகட்டும்." சொல்லிவிட்டு அவள் மறுபடி வரைபடத்தின்மேல் குனிந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணையும் காணோம் பாருங்க. நமக்கு லீவுன்னா மலைக்கும் லீவு போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றால் இது மனிதர்களின் வேலையாக இருக்கலாம். அதனால்தான் நோட்டில் ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விசாரித்து வந்தாள்.

கல் குவாரி: மூடி இரண்டு வருடம் ஆகிறது. சாலை வேலை: இல்லை. லாரி: அந்தப் பக்கம் வராது.

எட்டாம் நம்பர் இருப்பதே அவளுடைய குவார்ட்டர்ஸின் பின்னறைக்கு அடியில். அங்கேதான் பாறை தரைமட்டம் வரை வந்து நிற்கிறது. அதனால் சொந்த வீட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. வாஷிங் மெஷின்: காலையில் ஓடாது. தண்ணீர் மோட்டார்: ஏழு மணிக்கே நிறுத்தியாகிவிடும்.

நோட்டை எட்டிப் பார்த்த மெக்கானிக் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்ல சார் இருப்பாருன்னு சொன்னாங்களே..."

"இருப்பார். ஆனா இது அவரால இல்லை."

'கணவர்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் அவள் நோட்டில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். ஏழு மாதமாக அப்படித்தான்.

"வாங்க நடுக்கம் மேடம்!" கணவன் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான். "என்ன, மூஞ்சில ஆறு ரிக்டர் தெரியுது?"

"ஒண்ணுமில்லை." அவளும் எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். கருவியின் சங்கதியை அவனிடம் அவள் சொன்னதே இல்லை. அவன் பட்ட பாடு போதும், இது வேறு எதற்கு?

"ஒண்ணுமில்லைன்னா ஏன் பட்டாணியைக் குப்பையில போட்டுட்டுத் தோலைப் பாத்திரத்துல போடுறே?"

அவள் குனிந்து பார்த்தாள். நிஜம்தான். குப்பைக் கூடையிலிருந்து பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்: "பகல்ல பதினொரு மணிக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அவன் கையிலிருந்த பட்டாணி நழுவி உருண்டது. "நானா? ரேடியோ கேப்பேன். ஏன்?"

"சும்மாதான்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?"

"கையெழுத்துப் போட்டா ஆறு மணிக்கு."

"ஆறுன்னா ஆறு. ஒரு நிமிஷம்கூட முன்னாடி வந்துடாதே."

அவன் காது மடல் சிவந்திருந்தது. பொய் சொன்னால் அவனுக்கு அப்படித்தான் ஆகும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்த விஷயம் அது. கருவி பொய் சொல்கிறதா, கணவனா என்று யோசித்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி தாண்டியதும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நுழைந்தாள். ரேடியோ பாடவில்லை. பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. தொம். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக இன்னொன்று. மறுபடி தொம்.

பெரிது, சிறிது, பெரிது. காகிதத்தில் பார்த்த அதே வரிசை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு... இருபத்துமூணு..." ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, சுவரை மட்டும் தொட்டுக்கொண்டு, வியர்வை வழிய ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, அவன் தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தான். "வாசக் கதவுக்கு முப்பது அடி. இன்னும் ஏழே ஏழுடா. சாயங்காலம் அவளுக்குக் கதவை நீதான் திறக்கப்போறே."

அவனுக்குப் பின்னால், அவளுடைய கருவிப்பெட்டியைச் சுமந்து மலையேறி விழுந்த நாளிலிருந்து அவன் இறங்கவே மாட்டேன் என்றிருந்த சக்கர நாற்காலி, காலியாக நின்றது.

அவள் வந்த சுவடு தெரியாமல் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் விட்டுவைத்திருந்த வரியை எழுதினாள்:

'கணவர்: நடக்கிறார்.'