சேனல் மாற்றியவன்

ஜீப் மறைவில் குந்திக்கொண்டு போனின் பேட்டரியைக் கழற்றினேன். சட்டையில் தேய்த்தேன். திரும்பப் போட்டு, மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினேன்.

ஆன் ஆயிடு. ஒரே ஒரு தடவை.

ரோட்டுக்கு எதிரே கோபால்சாமி டீக்கடை. கடைக்குப் பக்கத்தில் ஆலங்காயம் பஸ். கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் பஸ் கிளம்பிவிடும்.

அந்த பஸ்ஸில்தான் அன்பரசி போகிறாள். கடையை விற்றாயிற்று. அப்பா கோபால்சாமியைக் கையோடு ஓசூருக்கு அழைத்துப்போக வந்திருக்கிறாள். இனி ஜமுனாமரத்தூரில் அவளுக்கு என்ன வேலை?

"இன்னாடா ரஞ்சித்து, இத்த இன்னுமா கடாசல?" பக்கத்து ஜீப் டிரைவர் சிவசங்கர் இளித்தான். "கண்ணாடிப் பொட்டில வெச்சி மாலை போடுடா."

சிரிக்கட்டும். புதுப் போன் பாக்கெட்டில் இருக்கிறது. மூன்று கேமரா. இந்த வேலைக்கு ஆகாது. பழசின் தலையில்தான் அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கிறது. டிவி பக்கம் நீட்டி அழுத்தினால் ரிமோட் மாதிரி சேனல் மாறும்.

அதற்காகவே இதை உயிரோடு வைத்திருக்கிறேன். சிம்மை எடுத்துவிட்டேன். ஏரோப்ளேன் மோடு. வெளிச்சம் அடிமட்டம். ரிமோட் ஆப்பைத் தவிர எல்லாவற்றையும் அழித்தாயிற்று. அப்படியும் சார்ஜ் நிற்பதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இது புதுசு.

சந்தை நாள். சாமையும் புளியும் விற்க வந்த கூட்டம் டீக்கடையில் அண்ணாந்து படம் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சக்கட்ட சண்டை. இங்கிருந்தே அழுத்தினேன். வில்லன் போய் வெண்டைக்காய் வதக்கும் சமையல்காரம்மா வந்தார்.

"யோவ், எவன்யா அது!"

அன்று அன்பரசி உள்ளே இருந்தபடியே ரிமோட்டால் சரிசெய்துவிட்டாள். முகம்கூடக் காட்டவில்லை.

அடுத்த சந்தையில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ரிமோட் காணாமல் போயிருந்தது.

அதிலிருந்து நான் சேனலை மாற்றினால் அவள் ஸ்டூலோடு வெளியே வந்தாக வேண்டும். ஏறி, உயரத்தில் இருந்த செட்டாப் பாக்ஸில் பட்டனை அழுத்த வேண்டும். இறங்கும்முன் ஒரு தரம் ரோட்டைப் பார்ப்பாள்.

பஸ் வருகிறதா என்று பார்த்திருப்பாள். எனக்கு அது போதும். வாரம் முழுக்க ஜீப் டீசல் இல்லாமலே ஓடும்.

அப்புறம் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று முடிவு செய்துவிட்டேன். அவள் ஸ்டூலில் ஏறி ஒரு தரம் ரோட்டைப் பார்த்தால், நேரே போய்க் கேட்டுவிடுவேன். பார்க்காவிட்டால், போகட்டும்.

போன் நடுங்கி விழித்தது. சார்ஜ் சிவப்பில் துடித்தது. நீட்டினேன். அழுத்தினேன்.

கடையில் பாட்டு அறுந்து செய்தி வந்தது.

"கடைசி நாளாவது அடங்குதா பார் இது!" கோபால்சாமி கத்தினார். "ரிமோட்ட லவுட்டிக்கினு போன பேமானி உருப்புடுவானா?"

பை கட்டிக்கொண்டிருந்த அன்பரசி நிமிர்ந்தாள். ஸ்டூல் பக்கமே போகவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். முடிந்தது.

செய்தி போய்ப் பாட்டு வந்தது. யாரும் தொடவில்லை.

மறுபடி அழுத்தினேன். செய்தி. உடனே பாட்டு.

என் போன் செத்துப்போனது.

டிவி நிற்கவில்லை. சமையல், பாட்டு, செய்தி, மறுபடி பாட்டு. மாற்றுவது நான் இல்லை.

கண்டக்டர் டம்ளரை வைத்தார். விசில். பஸ் உறுமியது.

அன்பரசி வெளியே வந்தாள். ஒரு கை துப்பட்டாவுக்குள். பஸ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ரோட்டைத் தாண்டினாள்.

"அன்பு, பஸ்ஸு போவுது!"

"போவட்டும்ப்பா."

ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். செத்த போனைப் பார்த்தாள்.

"இன்னா, சார்ஜ் தீந்துட்ச்சா?"

எழுந்தேன். தலையை ஆட்டினேன்.

அவள் துப்பட்டாவை விலக்கினாள். கையில் பிளாஸ்டிக் கவர்கூடக் கிழியாத ரிமோட்.

கோபால்சாமி எட்டு வருஷமாகத் திட்டித் தீர்த்த ஆள் என் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.