கயிற்றை விட்ட கை

மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம், தோளில் கட்டுப்போட்டு வீட்டில் கிடக்கும் மாணவனின் அம்மா. எதிரே மாணவி, அவளுக்கு இந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா. மேடைக்கலை ஆசிரியருக்கு மேசையோரமாகத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காராமல், மாணவிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஜன்னலோரம் குறிப்பெடுக்க இருந்த எழுத்தருக்கு மனசு குளிர்ந்துபோனது. தன் பிள்ளைக்கு இப்படியொரு வாத்தியார் வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். ஒத்திகையின்போது, மேலே ஏற்றிக் கட்டியிருந்த படுதா சரேலென்று இறங்கியது. அதன் அடியில் கோத்திருந்த மரக்கட்டை, மேடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்த மாணவனின் தோளில் விழுந்து எலும்பை முறித்தது. கயிற்றைப் பிடித்திருந்தவள் இந்த மாணவி. கயிறு கட்டுவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. மற்ற பிள்ளைகள் வைத்த பெயரே 'முடிச்சு'.

தட்டி மறைவில் கயிற்றோடு நிற்பவளுக்கு மேடை தெரியாது. காதுதான் கண். 'விடு' என்ற சொல் வந்தால் கயிற்றை விட வேண்டும். வராமல் விரல்கூட அசையக் கூடாது. மேடையில் அந்தச் சொல்லை வேறு எதற்கும் யாரும் சொல்லவும் கூடாது. ஆசிரியர் முதல் நாள் நடத்திய பாடமே இதுதான்.

"விடுன்னு கேட்டுச்சு மேடம். விட்டேன்," என்றாள் மாணவி.

"யார் குரல்?"

அவள் பக்கத்திலிருந்த ஆசிரியரைப் பார்த்தாள். ஓர் ஆதரவுக்கு எப்படித் தவிக்கிறது இந்தப் பெண் என்று எழுத்தருக்குப் பாவமாக இருந்தது.

"அதட்டாதீங்க மேடம், பயந்திருக்கா," என்றார் ஆசிரியர்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருப்பவன் நான், கயிறு என்றால் என்னவென்று என் மகளுக்குப் பால்புட்டிக் காலத்திலேயே தெரியும் என்றார். "தெரிஞ்சுதான் எம்பையன் மேல விட்டாளா?" என்று ஒரே வெட்டாக வெட்டினாள் அடிபட்டவனின் அம்மா.

தலைமையாசிரியை திரும்பினார். "சார், நீங்க சொன்னீங்களா?"

"அந்த வார்த்தையைக் கண்டபடி சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தானே மேடம்."

'ஆசிரியர் மறுத்தார்' என்று எழுத்தர் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாணவிக்காக மன்றாடியவரும் அவர்தான். பதட்டத்தில் சொல்லாததும் காதில் விழும், வயசு அப்படி, பள்ளியை விட்டு நீக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். எல்லோருக்கும் மனசு இளகியது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் முடிவானது. மேடைத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்திருந்த இடம் பள்ளியின் சிபாரிசில் வந்தது. அந்தச் சிபாரிசைத் திரும்பப் பெறுவது.

மூன்று வருஷமாக அவள் கனவு கண்ட இடம். ஆனாலும் அவள் அழவில்லை. அப்பாதான் கைக்குட்டையை எடுத்தார். சார் மட்டும் பரிந்து பேசியிருக்காவிட்டால் பள்ளிக்கூடமே போயிருக்கும், நன்றி சொல்லிவிட்டு வா என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.

எழுத்தர் கல்லூரிக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசை தடவி ஓரத்தை நகத்தால் தேய்த்தாள். பதிவேட்டில் எண் போட்டு உதவியாளரிடம் கொடுக்க, அவர் சைக்கிளை மிதித்து வெளிவாசலைத் தாண்டினார்.

ஜன்னலுக்கு வெளியே, படியருகே, ஆசிரியரின் குரல் தணிந்து கேட்டது.

"ஆணி வளையுதுன்னு அவன் நச்சரிச்சான். 'அதை விடு'ன்னேன். என் குரல்னு உனக்குத் தெரியும். உள்ளே ஏம்மா சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்துட்டிருந்தேன், சார்."