ஒற்றை முடி நீர்யானை

“மறுபடியும் நீர்யானையா?”

குழந்தைகள் பிரிவு நூலகரின் குரலில் சலிப்பு தட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற சிறுமி தலையை ஆட்டினாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, பக்கத்தில் நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எட்டிப் பார்த்தது. மகளுக்காக அவர்தான் பேசினார். அவளுடைய அம்மா நர்ஸ். மாற்றலாகி வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளைக்கு இந்தப் புத்தகம்தான் துணையாம். வேறு எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

“நான் என்ன மேடம் பண்றது? இது இல்லாம அவளுக்குப் பொழுதே போகாது” என்றார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல.

சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்து இது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு வாங்கிக்கொண்டு போவார்கள். அட்டை பிய்ந்துபோய் நூலகரே உட்கார்ந்து பசை தடவி ஒட்டியிருந்தார்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று அவரும் புரட்டிப் பார்த்திருக்கிறார். தலையில் ஒரே ஒரு முடி உள்ள நீர்யானை முடிவெட்டிக்கொள்ளப் போகிறது. பக்கவாட்டில் குறைத்து, மேலே கொஞ்சம் விடும்படி கேட்கிறது. சலூன்காரக் காகம் சிரிக்காமல் துண்டைப் போர்த்தி, அந்த ஒற்றை முடிக்கு வகிடு எடுக்கப் படாத பாடு படுகிறது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இன்றைக்குக் கொடுக்க வழியில்லை. பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் அந்தப் புத்தகத்தைக் கேட்டிருந்தார்கள். இன்னொருவர் கேட்டு வைத்துவிட்டால் பழைய ஆளுக்கே திரும்பத் தரக்கூடாது. நூலகர் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டு, அடுத்து வரப்போகும் அழுகைக்குத் தயாராக டிஷ்யூ பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

சிறுமி அழவில்லை. அப்பாவின் முகம்தான் தொங்கிப்போனது. வீட்டுக்குப் போய் இவளை எப்படிச் சமாளிப்பது என்ற கவலையாக இருக்கும் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. போவதற்குள் இங்கேயே ஒரு தடவை படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜன்னலோரம் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள் கிடந்தன. அதில் ஒன்றில் அப்பா முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். காகத்துக்கு மூக்கால் பேசினார். நீர்யானைக்கு அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். வகிடு எடுக்கும் பக்கம் வந்ததும் அவரால் மேலே படிக்க முடியவில்லை. சிரிப்பில் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் முட்ட, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

சிறுமி படத்தைப் பார்க்கவே இல்லை. கன்னத்தில் கை ஊன்றி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்தும் ஒரு சிரிப்பு இல்லை.

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கிறது, பழக்கத்தைத்தான் விட முடியவில்லை என்று நூலகருக்குத் தோன்றியது. இப்படி எத்தனையோ பிள்ளைகளை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர் அவர். சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

சமயம் தானாகவே வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் வர, அப்பா பேசிக்கொண்டே வெளியே வராந்தாவுக்குப் போனார். நூலகர் கை நிறையப் புத்தகங்களை அள்ளி வந்து சிறுமியின் முன் பரப்பினார். பல் விளக்க மறுக்கும் முதலை, கறுப்புக் கண்ணாடி போட்ட கோழி, சைக்கிள் பழகும் ஒட்டகம்.

அவள் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவளைப் போல ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முதலையை உதட்டைப் பிதுக்கித் தள்ளினாள். கோழியும் தேறவில்லை. ஒட்டகம் சைக்கிளோடு குட்டையில் விழுந்த பக்கத்தில் மட்டும் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நூலகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதையே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னார்.

சிறுமி யோசித்தாள். ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தாள். அப்பா பேசி முடித்திருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, தெருவை வெறித்தபடி நின்றார். உள்ளே குரல் மாற்றிக் காகமாய்ப் பேசிய ஆளா இவர் என்று இருந்தது.

அவள் ஒட்டகத்தை மூடி நூலகர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

“ஏம்மா, பிடிக்கலையா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு.”

“அப்புறம் ஏன் வேணாங்கற?”

குனியும்படி அவள் கையை ஆட்டினாள். நூலகர் குனிந்தார். அப்பா இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

“அப்பா இதுக்குச் சிரிக்க மாட்டாரு ஆன்ட்டி.”