சிவப்பு அணுக்கள்

தணிகாசலத்தின் ரத்த வெள்ளை அணுக்களை அவர் மனைவி வேதவல்லியின் ரத்த நீரோடு கலந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள் ஆய்வகத்துப் பிலோமினா. அவர் சிறுநீரகம் மனைவிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் சோதனை. கொடுக்க வேறு ஆள் இல்லை. சாயம் ஏற்றினால் உயிருள்ள அணுக்கள் பச்சையாகவும் செத்தவை சிவப்பாகவும் தெரியும். நுண்ணோக்கியில் குனிந்தாள். எல்லாமே சிவப்பு. மறுபடி செய்து பார்த்தாள். அதே சிவப்பு.

வாசலில் நின்ற தணிகாசலத்திடம், "உங்க கிட்னியை அவங்க உடம்பு ஏத்துக்காதுங்க," என்றாள். "பிள்ளை உண்டாயிருந்தாங்களா?"

"ஒரே தடவைம்மா. ஏழாம் மாசம் வயித்துலயே போயிடுச்சு. பதினாலு வருஷமாச்சு. அதைப் பத்தி அவ பேசினதே இல்ல."

"அந்தப் பிள்ளைகிட்ட இருந்த உங்க அம்சத்தை அவங்க ரத்தம் இன்னும் மறக்கல. அதான் இப்ப உங்களோடதை எதிர்க்குது."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது அவளுக்கு. அவர் உள்ளே இருந்த நுண்ணோக்கியைப் பார்த்தார்.

"அதை நான் ஒரு தடவை பாக்கலாமா?"

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. பிலோமினா கதவைத் திறந்துவிட்டு, தன் நாற்காலியை அவருக்காக நகர்த்திப் போட்டாள். அவர் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.