தண்ணீர் குடிக்காத பெண்கள்

போலீஸ் வேலைக்கான ஓட்டப் பயிற்சியில், மூன்றாவது சுற்றிலேயே எனக்குக் கண் இருட்டியது. முடிச்சூர் மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோச் தயாளன் சார் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

“காலையிலருந்து ஒரு சொட்டாவது குடிச்சியா?”

“இல்ல சார்.”

“நீ இன்னா ஒட்டகமா? பசங்களைப் பாரு, குடம் குடமா குடிக்கிறானுங்க. டிகிரி முடிச்ச பொண்ணுக்கு இதுகூடவா தெரியாது?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா இந்தத் திமிரு? அடுத்த வாரம் செலக்‌ஷன்ல இப்படி உக்காந்தா வேலை போச்சு. குடி.”

பக்கத்தில் நின்ற அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் குடித்திருக்கவில்லை. எங்கள் பெண்கள் அணியில் யாருமே குடிப்பதில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாட்டிலை வாங்கி, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டுக் கையை நீட்டினேன்.

“சாவி குடுங்க சார்.”

“எந்தச் சாவி?”

“லேடீஸ் டாய்லெட் சாவி. நாங்க சேர்ந்த நாள்லருந்து பூட்டியே கெடக்கு.”

சாரின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது.

“அதுக்குள்ள எப்படிம்மா போவ? உங்களுக்குன்னு வாங்கின தண்ணி கேனெல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கேன்.”