எந்த மாதம் வரலாம்?

"ஏப்ரலா? வேண்டவே வேண்டாம். மணல்ல கால் வெச்சா அப்படியே பொரிஞ்சிடும். போன வருஷம் ஒருத்தர் செருப்பில்லாம நாலடி நடந்தார். அஞ்சாவது அடிக்கு நாங்கதான் தூக்கிட்டுப் போனோம்."

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று வாசலிலேயே நின்றுவிட்டார் முதலாளி.

பத்து அறைகள் கொண்ட கடற்கரை விடுதி அது. மேனேஜரின் தலைக்கு மேலே ஆணிகளில் எட்டுச் சாவிகள் தொங்கின. அதாவது எட்டு அறை காலி. மீதி இரண்டில் ஒன்றில் ஏசி ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தார். "இந்த மாசக் கடைசிக்குள்ள ரூம் நிறையலைன்னா நான் வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று போன வாரம்தான் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று இப்போது தோன்றியது.

"ஜூனா? ஜூன்ல மழை. சாதாரண மழைன்னா நான் சொல்லவே மாட்டேன். குடையைப் பிடிச்சா குடையைக் காத்து கொண்டு போயிடும். பிடிக்கலைன்னா நம்மளைக் கொண்டு போயிடும்."

முதலாளி உள்ளே வந்து மேஜையைத் தட்டினார். மேனேஜர் திடுக்கிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை.

"யோவ், என்னய்யா பண்றே? வர்றேன்னு சொல்றவங்களை வராதேன்னு விரட்டறியா?"

மேனேஜர் ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "சார், அஞ்சே நிமிஷம். அப்புறம் எல்லாத்தையும் விவரமா சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார். "இருக்கேன், லைன்லதான் இருக்கேன். ஆகஸ்டா? ஆகஸ்ட்ல ஜெல்லி மீன் வருமே! மேல பட்டா ஒரு வாரத்துக்குச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும். என்னது, தண்ணியில இறங்க மாட்டீங்களா? கரையில உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பீங்களா? அதுங்க கரைக்கும் வரும். பார்க்க வர்றவங்களைப் பார்க்கறதுன்னா அதுங்களுக்கு ரொம்ப ஆசை."

முதலாளிக்கு வயிறெரிந்தது. விடுதிக்கு விளம்பரம் எழுதச் சொன்னபோது, 'நல்ல கடல், நல்ல காற்று' என்பதற்கு மேல் ஒரு வரி எழுதத் தெரியாத ஆள் இவர். இப்போது மட்டும் வார்த்தை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.

"அக்டோபர்ல பாதி நாள் கரண்ட் இருக்காது. நவம்பர்ல புயல். டிசம்பர்ல ஒரே கூட்டம், எல்லா ரூமும் நிறைஞ்சிடும், எனக்கு மூச்சுவிடக்கூட நேரமிருக்காது."

முதலாளி அண்ணாந்து எட்டுச் சாவிகளையும் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஜனவரியா?" மேனேஜருக்கு முதல் முறையாக நாக்கு குழறியது. ஜனவரியில் வானம் பளிச்சென்று இருக்கும். கடல் சாதுவாக இருக்கும். குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. "ஜனவரி... ஜனவரி வந்து... பனி! ஆமா, பனி கொட்டும். உங்க முட்டிவலிக்கு ஆகவே ஆகாது."

"கடற்கரையில பனியா?" முதலாளியின் பொறுமை அத்துடன் தீர்ந்தது. வருகிறவரின் முட்டிவலி வரைக்கும் கேட்டு வைத்துக்கொண்டு அல்லவா விரட்டுகிறான் இந்தப் பாவி! பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

"சார், சார், வேண்டாம் சார்! வேலையை விட்டுக்கூடத் தூக்கிடுங்க, போனை மட்டும் குடுத்துடுங்க!"

முதலாளி அவரை முழங்கையால் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஸ்பீக்கர் பட்டனும் அமுங்கிவிட்டது.

"யாரது?" என்றது ஒரு கனத்த குரல்.

"ஐயா, வணக்கம்! இந்த விடுதியோட முதலாளி பேசறேன். அந்த ஆள் சொன்னது அத்தனையும் புளுகு. ஒரு வார்த்தையை நம்பாதீங்க!"

"அப்படியா? ஏப்ரல்ல மணல் சுடும்னாரே?"

"காலையிலயும் சாயங்காலமும் சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்யா."

"புயல்?"

"நான் பொறந்ததுலேருந்து பார்த்ததில்லை."

"ஜெல்லி மீன்?"

"மார்க்கெட்ல விக்கற மீனைத் தவிர இங்க வேற மீனே கிடையாது. வருஷம் பூரா சொர்க்கம்யா இந்த இடம்! நீங்க எப்ப வேணா வாங்க, எத்தனை நாள் வேணா தங்குங்க. கடலைப் பார்த்த மாதிரி இருக்கற ரூமை உங்களுக்குன்னே எடுத்து வைக்கறேன்."

மேனேஜர் தலையில் கை வைத்தபடி நாற்காலியில் சரிந்தார். 'வலிய வந்த ஆளை வளைச்சுப் போட்டேன், பார்த்தியா?' என்கிற மாதிரி முதலாளி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"ரொம்ப நன்றிங்க முதலாளி. ரூமெல்லாம் எதுக்கு? விடுதிக்குப் பின்னாலதானே என் பொண்ணு வீடு இருக்கு?" என்றது குரல். "கல்யாணமாகி அஞ்சு வருஷமா உங்க மேனேஜர் இப்படித்தான் மாசத்துக்கு ஒரு கதை சொல்லி என்னை வரவிடாம பண்ணிட்டிருக்கார். பக்கத்துல இருந்தா மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க, வருஷம் பூரா சொர்க்கம்னா நான் வருஷம் பூராவும் அங்கேயே இருந்துடறேன்!"